மருந்துக் குப்பியும் கைவிலங்கும்!

லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை நாய் இல்லாத தெரு உண்டா? வீட்டு நாய்க்கு ஆபரேஷன் என்றாலும், தெரு நாய்க்குக் கருத்தடை என்றாலும் முதலில் மயக்க ஊசி போட்டாக வேண்டும். கால்நடை டாக்டர்கள் அதற்கு அதிகம் நம்பியிருப்பது கெட்டமைன். மூச்சை அவ்வளவாக அமுக்காது.

அதே கெட்டமைன்தான் போதைக்கும் போகிறது! சென்னை விமான நிலையத்தில் எத்தனை பெட்டிகளில் பிடித்தாயிற்று! அதனால் 2011-ல் இதைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2013-ல் 'எக்ஸ்' அட்டவணை என்று மருந்துக் கடைகளுக்கும் கடிவாளம். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று கடையில் 2 வருஷம் இருக்க வேண்டும். மருந்தைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

மீறினால்? 10 கிராமுக்குள் என்றால் 1 வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 500 கிராமைத் தாண்டினால் 10 முதல் 20 வருஷம். அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. ஜாமீனும் லேசில் கிடைக்காது.

அரைக் கிலோ எந்த நாய் டாக்டரிடம் இருக்கப் போகிறது என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! 10 மில்லி குப்பியில் அசல் மருந்து அரை கிராம்தான். ஆனால் கலந்திருப்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதாவது, தண்ணீரும் கணக்கில் வரும்! அப்படிப் பார்த்தால் ஒரு குப்பியே சுமார் 10 கிராம். 50 குப்பிக்கு மேல் போனால் 'வியாபார அளவு'!

வைத்தியத்துக்கு வைத்திருந்தால் குற்றமில்லைதான். சட்டமே விலக்குத் தருகிறது. ஆனால் வைத்தியத்துக்குத்தான் என்று காட்ட வேண்டியது டாக்டர். ரிஜிஸ்தர் சரியாக இல்லை என்றால் எதைக் காட்டுவார்?

பின்கதவு வழியாகக் குப்பி விற்கிற ஆசாமி மீது நமக்கு இரக்கமில்லை. உள்ளே போகட்டும். கால்நடை மருத்துவக் கவுன்சில் அவர் பெயரையும் பதிவேட்டிலிருந்து அடிக்கட்டும். ஆனால், ராத்திரி நேரத்தில் கார் மோதிய நாயைத் தைக்கிற டாக்டர், எழுத விட்டுப்போன இரண்டு வரிக்காகக் கடத்தல்காரனோடு ஒரே கூண்டில் நிற்பதா?

எந்தக் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒரே தாளில், தமிழில் அச்சடித்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொடுக்கட்டும். வருஷத்துக்கு ரெண்டு தரம் ஆள் வந்து குப்பிகளை எண்ணட்டும். காலிக் குப்பிகளையும் சேர்த்துத்தான்!