சமயபுரத்தில் தப்பிய கிளைவும் நம் கடை உப்பும்



சித்திரைத் தேருக்குக் கூட்டம் வரும் நாட்களில் என் கடையில் கை ஓயாமல் போகும் சரக்கு உப்பும் மிளகும். அம்மனுக்குக் காணிக்கை போட வாங்குகிறார்கள். அடுத்தபடி வெற்றிலை பாக்கு. கோயிலை விட்டு வெளியே வந்ததும் புகையிலை கேட்கும் பெரியவர்களும் உண்டு. உப்பு, பாக்கு, புகையிலை என்ற இந்த மூன்று சரக்குக்கும், நம் ஊரில் ஒரு ராத்திரி சாகாமல் தப்பிய ஒரு வெள்ளைக்காரருக்கும் உள்ள சம்பந்தம் நம் அங்கத்தினர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லிவிட்டு, நம் தொழிலைப் பற்றி எனக்குத் தோன்றும் ஒரு விஷயத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

1752ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். திருச்சிக் கோட்டைக்குள் நவாப் முகம்மது அலி. அவருக்குத் துணை ஆங்கிலேயர். ஸ்ரீரங்கம் தீவில் சந்தா சாகிபும், லா என்ற பிரெஞ்சுத் தளபதியும். ஸ்ரீரங்கத்துப் படைக்கு உணவும் பணமும் ஆளும் பாண்டிச்சேரியிலிருந்து வடக்கு ரஸ்தா வழியாக வந்தாகவேண்டும். அந்த ரஸ்தாவை மறிக்கக் கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு ஆங்கிலப் படை வந்து உட்கார்ந்தது. அதன் தலைவர் 26 வயதுக் காப்டன் ராபர்ட் கிளைவ். உட்கார்ந்த இடம் நம் சமயபுரம். பழைய இங்கிலீஷ் ஏடுகளில் ‘சாமியாவரம்’ என்று எழுதியிருப்பது இதைத்தான். மண்டிக்கு வரும் லோடை வழியிலேயே மடக்கினால் கடை தானாக மூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பெனியில் கணக்கு எழுத வந்தவர்தானே!

பாண்டிச்சேரியிலிருந்து வந்த துணைப்படை ஊட்டத்தூர் வரை வந்துவிட்டது என்று கேட்டு, கிளைவ் அதை எதிர்க்கப் புறப்பட்டார். அது பின்வாங்கிவிடவே, களைத்துத் திரும்பி வந்து ஒரு சத்திரத்தில் படுத்துவிட்டார். அவர் திரும்பியது தெரியாமல் லா ஒரு படையை ராத்திரியோடு ராத்திரியாக இங்கே அனுப்பினார். 80 வெள்ளைக்காரர், 700 சிப்பாய்கள். அந்த 80 பேரில் பாதிப்பேர் ஆங்கிலேயர் படையிலிருந்து ஓடிப்போய்ப் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்தவர்கள். காவலில் நின்றவர்களிடம் இங்கிலீஷில் பேசி, ‘மேஜர் லாரன்ஸ் அனுப்பிய ஆட்கள்’ என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டார்கள். சத்திரத்துக்குள் சுட்டார்கள். கிளைவின் காலடியில் இருந்த பெட்டி நொறுங்கியது. பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரர் செத்தார். கிளைவ் பிழைத்தார். பொழுது விடிந்ததும், கோயிலுக்குள் மாட்டிக்கொண்ட அந்த ஆட்களைச் சரணடையச் சொல்லப் போனார். காயத்தால் சோர்ந்து இரண்டு சார்ஜெண்டுகள்மேல் சாய்ந்துகொண்டு நின்றார். உள்ளிருந்து சுட்டதில் அந்த இரண்டு பேரும் விழுந்தார்கள். கிளைவுக்கு ஒன்றும் இல்லை.

அன்று அம்மன் ஏன் இவரை விட்டுவைத்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். கிளைவ் போன திசை நமக்குத் தெரியும்: 1757இல் பிளாசி, அப்புறம் வங்காள கவர்னர் பதவி.

இனிமேல்தான் வியாபாரிகளுக்கு வேண்டிய கதை.

வங்காளத்தில் கம்பெனிச் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. வருஷம் 3,000 ரூபாய் கட்டினால் போதும் என்று 1717இல் தில்லி பாதுஷா பரூக்சியர் பர்மான் கொடுத்திருந்தார். ‘தஸ்தக்’ என்ற சீட்டைக் காட்டினால் சாவடியில் மூட்டையைப் பிரிக்காமல் விடுவார்கள். அது கம்பெனியின் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக்குக் கொடுத்த சலுகை. பிளாசிக்குப் பிறகு கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அதே சீட்டை வைத்துக்கொண்டு தங்கள் சொந்த வியாபாரத்தை நடத்த ஆரம்பித்தார்கள். என்ன வியாபாரம்? உப்பு, பாக்கு, புகையிலை, நெய், அரிசி. அதாவது நம் வியாபாரம். உள்ளூர் வியாபாரி ஒவ்வொரு சாவடியிலும் சுங்கம் கட்டிவிட்டுச் சந்தைக்கு வந்தால், கட்டாதவன் அவனுக்கு முன்னால் கடை விரித்திருப்பான். கம்பெனி குமாஸ்தாக்கள் குடியானவரிடம் கால் விலைக்குப் பிடுங்கி, ஒரு ரூபாய்ச் சரக்கை ஐந்து ரூபாய்க்குக் கட்டாயமாகத் தலையில் கட்டினார்கள் என்று நவாப் மீர் காசிம் 1762இல் எழுதினார்.

அப்போது கவர்னர் வான்சிட்டார்ட். இவரைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லத்தான் வேண்டும். மீர் காசிமோடு உட்கார்ந்து பேசி, கம்பெனிக்காரர்கள் சொந்தச் சரக்குக்கு 9 சதவீதம் சுங்கம் கட்டுவது என்று ஒப்புக்கொண்டார். கல்கத்தா கவுன்சில் அதைத் தூக்கி எறிந்தது. அவர் பக்கம் நின்றவர் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒருவர்தான். மீர் காசிம் என்ன செய்தார் தெரியுமா? 1763இல் ‘யாருமே கட்ட வேண்டாம்’ என்று சுங்கத்தையே எடுத்துவிட்டார். தன் கஜானாவுக்கு நஷ்டம் என்று தெரிந்தே எடுத்தார். உடனே கவுன்சில் கொதித்தது. தங்கள்மேல் வரி போட்டதற்கு அல்ல, மற்றவர்மேல் இருந்த வரியை எடுத்ததற்கு! ‘நாட்டு வியாபாரிக்குப் பழையபடி சுங்கம் போடு’ என்றார்கள். சண்டை வந்தது. 1764 அக்டோபரில் பக்சார் போரோடு மீர் காசிமின் கதை முடிந்தது.

இந்த இடத்தை அங்கத்தினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். வரி கூடுதலா குறைவா என்பதல்ல அன்றைய சண்டை. ஒரே சாவடியில் ஒருவன் கட்டவும் இன்னொருவன் கட்டாமல் போகவும் வேண்டும் என்பதுதான் சண்டை.

1765இல் கிளைவ் மறுபடி கவர்னராக வந்தார். ஊழலை ஒழிக்க வந்ததாகச் சொன்னார். உத்தியோகஸ்தர்கள் நவாபுகளிடம் வெகுமதி வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்; அது நிஜம். ஆனால் கையோடு ஒரு வியாபாரச் சங்கத்தையும் ஏற்படுத்தினார். உப்பு, பாக்கு, புகையிலை மூன்றும் அந்தச் சங்கத்தின் ஏகபோகம். பங்குதாரர்கள் கம்பெனியின் மேல்தட்டு உத்தியோகஸ்தர்கள். கவர்னருக்கு ஐந்து பங்கு. சம்பளம் போதவில்லை, வெகுமதியையும் நிறுத்திவிட்டோம், பிழைக்க வழி வேண்டாமா என்பது கிளைவின் வாதம். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும். அந்தச் சம்பளக் குறையை ஈடுகட்டியது யார்? உப்பு வாங்கிய ஏழையும், உப்பு விற்கும் பிழைப்பை இழந்த சில்லறைக் கடைக்காரனும். அதே 1765 ஆகஸ்டில்தான் வங்காளத்தின் வரி வசூல் உரிமையான திவானியும் கம்பெனி கைக்கு வந்தது. வரி போடுபவரும் அவரே, விற்பவரும் அவரே. லண்டன் டைரக்டர்களே இதை ஒப்பவில்லை. 1768இல் சங்கம் கலைந்தது.

வாரன் ஹேஸ்டிங்ஸ் பின்னால் கவர்னர் ஆனபோது தஸ்தக்கை ஒழித்து, எல்லோருக்கும் ஒரே இரண்டரை சதவீதச் சுங்கம் வைத்தார். ஆனால் அந்த மூன்று சரக்குகளை மட்டும் விலக்கி வைத்தார்; உப்பைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. 1805இல் சென்னை ராஜதானியிலும் உப்பு சர்க்கார் ஏகபோகம் ஆனது. அதன் முடிவுக்குத்தான் 1930 ஏப்ரல் 13ஆம் தேதி நம் திருச்சியிலிருந்து ராஜாஜி நூறு பேர் அளவில் தொண்டர்களோடு வேதாரணியத்துக்கு நடந்தார். அவர்களுக்குச் சோறு போடுபவருக்குத் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும் வழிநெடுக ஜனங்கள் சோறு போட்டார்கள். உப்பு வரி 1947இல் போயிற்று. இன்றும் உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது.

கொள்ளிடம் தாண்டி நம் ஊருக்கு வரும் வழியில் ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்று ஒரு இடம் இருக்கிறதே, அங்கே கேட் இல்லை; பெயர் மட்டும் நிற்கிறது. தஸ்தக்கும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அதிலே தலைகீழ்: பெயர் போய்விட்டது, சங்கதி நிற்கிறது.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் சோப்பு எனக்கு விநியோகஸ்தர் மூலம் வந்தது. பில்லில் என் கொள்முதல் விலை இருக்கிறது. அதே சோப்பு, அதே எடை, செல்போனில் என் கொள்முதல் விலைக்கும் கீழே வீட்டுக்கே வருகிறது. பக்கத்துத் தெரு டீச்சர் அம்மா என்னிடம் காட்டி, ‘அண்ணாச்சி, நீங்க ஏன் இவ்வளவு கூட வைக்கிறீங்க?’ என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல? கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான்தான் திருடன்போல் தெரிகிறேன். பெரிய மாலுக்கு ஒரு விலை, இணையக் கடைக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. மொத்தமாக எடுப்பவருக்குத் தள்ளுபடி உண்டு என்பது நமக்கும் தெரியும். பத்து மூட்டை எடுப்பவருக்கு நாமும் குறைத்துத்தான் போடுகிறோம். ஆனால் பத்து மளிகைக்காரர் சேர்ந்து அதே அளவு எடுக்கிறோம் என்றாலும் அந்த விலை கிடைப்பதில்லையே, அது ஏன்?

சந்தைக்குச் சொந்தக்காரரே சந்தையில் கடை போடுவது அடுத்த விஷயம். அந்நிய முதலீடு உள்ள இணைய நிறுவனம் சந்தை மட்டும் நடத்தலாம், தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி அங்கே விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதியை இறுக்கி, 2019 பிப்ரவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் உள்நாட்டு முதலாளிக்கு அந்தத் தடை இல்லை. கிளைவ் வெள்ளைக்காரர் என்பதால் மட்டுமா அவர் செய்தது தப்பு?

நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று தஸ்தக்கைக் காசு கொடுத்து வாங்கி, வெள்ளைக்காரன் பெயரில் சுங்கம் கட்டாமல் சரக்கு ஓட்டிய நாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். இன்று பில் போடாமல் விற்பவர், சரக்கே நகராமல் பில் மட்டும் வாங்கி இன்புட் கிரெடிட் எடுப்பவர் நம்மிடையே இல்லையா? ஒழுங்காகக் கட்டும் பக்கத்துக் கடைக்காரருக்கு அவர் செய்வதும் அதே அநியாயம்தான். இதை எழுதினால் சில அங்கத்தினர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள். பரவாயில்லை. வரியைக் குறை என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டிருந்தால் அதிகாரிகள் நம்மை அந்த வரிசையில்தான் நிறுத்துகிறார்கள்.

ஆகவே, ஒரே அளவுக்கு ஒரே விலை வேண்டும், சந்தை நடத்துபவர் யாராக இருந்தாலும் அதில் விற்கக் கூடாது என்ற இரண்டு கோரிக்கைகளை வைத்து அடுத்த மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். மளிகை, எண்ணெய், சோப்பு வகை அங்கத்தினர்கள் கடந்த மூன்று மாதக் கொள்முதல் பில் நகல்களையும், அதே சரக்கு இணையத்தில் என்ன விலைக்குப் போனது என்ற குறிப்பையும் தேதி போட்டு எடுத்து வந்தால் உதவியாக இருக்கும். பில் இல்லாதவர்கள் அந்த மாதத்திலிருந்தாவது கேட்டு வாங்கி வைக்கவும்.