கைக்குப் பாராட்டு, நாவுக்குப் பூட்டு!

தம்பி! வீரன் வென்றால் மாலை. வாய் திறந்தால் வசை! விளையாட்டுப் பக்கங்களில் இந்த வழக்கம் நேற்று முளைத்ததல்ல. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு அமெரிக்க ஏடுகள் செய்ததைச் சொல்லுகிறேன், கேள்.

1964 பிப்ரவரி 25. மயாமி கடற்கரையிலே உலகப் பட்டத்துக்கான போட்டி. செய்தியாளர்கள் 46 பேரில் 43 பேர், லிஸ்டனே வெல்வான் என்று அறுதியிட்டுக் கூறினர். வென்றவரோ 22 வயதுக் கருப்பின இளைஞர் கேசியஸ் கிளே! கணிப்புப் பொய்த்தது, அதையேனும் பொறுத்துக்கொண்டனர். இரு வாரம் கழியுமுன் அவர் செய்த காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கிளே என்பது அடிமைப் பெயர், இனி நான் முகமது அலி என்றார்.

ஏற்றனவா ஏடுகள்? நியூயார்க் டைம்ஸ் போன்ற பேரேடே பல ஆண்டுகள் ‘கேசியஸ் கிளே’ என்றே அச்சிட்டது! பிறந்தபோது இட்ட பெயரைத்தான் போடுவோம் என்பது கொள்கையோ? அதுவும் இல்லை, தம்பி! வாக்கர் ஸ்மித் என்று பிறந்தவர் சுகர் ரே ராபின்சனாகக் கோதாவில் இறங்கினார். அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு மகிழ்ந்தனர். பிழைப்புக்காகப் பெயர் மாற்றினால் இனிக்கிறது. மானத்துக்காக மாற்றினால் கசக்கிறது!

பெயரிலே என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்கலாம். நம்மிடம் கேட்க முடியாது! பெயரின் பின்னே தொங்கிய சாதி வாலை அறுக்க 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே தீர்மானம் போட்ட இயக்கத்தின் பிள்ளைகள் நாம்.

1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார் அலி. பட்டம் பறிபோயிற்று. 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு! மேல்முறையீட்டால் சிறைக்கதவு திறக்கவில்லை. ஆனால் கோதாவின் கதவு மூன்றரை ஆண்டு மூடிக்கிடந்தது. உடல் வலிமை உச்சத்தில் இருந்த வயது அது! பேனா பிடித்தவர்களில் பலர் துரோகி என்று தூற்றினர். ஒலிபரப்பாளர் ஹோவர்ட் கோசல் போன்ற சிலரே அவரை அவர் பெயரால் அழைத்தனர். அவர் உரிமைக்காக வாதாடினர். 1971இல் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இழந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

1984இல் அவருக்கு நடுக்குவாத நோய் என்று தெரிந்தது. 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றினார். கை நடுங்கியது, நா தளர்ந்திருந்தது. ஏடுகள் உருகின, தம்பி, உருகின! பேச முடியாத அலியைப் புகழ்வது எளிதல்லவா?

ஏடுகள் இல்லையேல் அலியை யார் அறிவார் என்பர் சிலர். உண்மைதான், விளம்பரத்தின் அருமை அறிந்தவர் அவர். ஆனால் அலி இல்லையேல் அந்தப் பக்கத்தைக் காசு கொடுத்து வாங்குவார் யார்? ஊரார் உழைப்பில் விற்கும் ஏடு, உழைத்தவன் வாய்க்குப் பூட்டுப் போடலாமா?

கை வேண்டும், வாய் வேண்டாம் என்பது ஆலை முதலாளியின் நெடுநாள் ஆசை. நீ அறியாததா? நாளைக் காலை படிப்பகத்தில் ஏட்டை விரிக்கிறாய். ஒரு வீரனை ஏசியிருக்கிறார்கள். தோற்றதற்காகவா, பேசியதற்காகவா என்று பார். பேசியதற்காக என்றால், அவன் பேசியது என்ன என்பதைத் தேடிப்பிடித்துப் படி. பிறகு தீர்ப்பை நீ சொல்!