சிக்கனம் எங்கே தொடங்கவேண்டும்?

சென்ற மாதம் இப்பகுதியில், தில்லிக் குளிரில் இட்லி மாவைப் புளிக்கவைக்கும் முறைகளைப்பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சகோதரிகள் எழுதிய கடிதங்களுள் பாதிக்குமேல் இட்லியைப்பற்றியவை அல்ல, விலைவாசியைப்பற்றியவை. "மாவு பொங்காவிட்டால் போகிறது, பால் கணக்கு மாதாமாதம் பொங்குகிறதே, அதை அடக்க வழி சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகவே இம்மாதம் அன்றாடச் செலவைப்பற்றிச் சிறிது பேசலாமென்று எண்ணுகிறேன். இத்தகைய கட்டுரையை வள்ளுவரை மேற்கோள் காட்டித் தொடங்குவது நம்மவர் வழக்கம். காட்டிய கையோடு கடைக்குக் கிளம்பிவிடுவதும் வழக்கமே. ஆகையால் நான் நேரே ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

அப்புத்தகம் நம் சங்கத்து மாதர் கூட்டங்களுக்குத் தவறாது வரும் ஒரு சகோதரியினுடையது. கணவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் எட்டாம் வகுப்பிலும் படிக்கின்றனர். மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பணம் வேண்டுமென்று, சென்ற ஆடி மாதத்திலிருந்து மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடித்து வந்தார். தீபாவளிக்குப் பின் ஒருநாள் அப்புத்தகத்தை என்னிடம் கொணர்ந்து காட்டினார். காட்டியபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைக் கண்டு எனக்கும் மகிழ்ச்சியே. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஒரு நாளும் விடுபடவில்லை.

ஆனால் எங்கே குறைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தபோது மனம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. நாள்தோறும் 2 லிட்டராக இருந்த பால் ஒன்றரை லிட்டராகியிருந்தது. வாழைப்பழம் டஜனிலிருந்து அரை டஜனாகியிருந்தது. வேர்க்கடலை, பேரீச்சம்பழம் என்ற இரண்டு வரிகளை ஆவணியோடு காணோம்.

"பாலில் அரை லிட்டர் குறைத்திருக்கிறீர்களே, யாருடைய பங்கு குறைந்தது?" என்று கேட்டேன்.

"குழந்தைகளுக்குக் குறைக்க மனம் வருமா, அக்கா? அவரும் அலைந்துவிட்டு வருகிறவர். எனக்குத்தான் இரண்டு வேளை காப்பி இருக்கிறதே" என்றார், மிக இயல்பாக.

மூன்று மாடி ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று மூச்சுவாங்கிக்கொள்ளும் வழக்கம் தமக்கு இரண்டு மாதமாக ஏற்பட்டிருப்பதையும், அதை வயதின் கோளாறு என்று தாம் எண்ணியிருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவருக்கு வயது நாற்பத்தொன்று. வற்புறுத்தி இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. கருவுறாத மகளிருக்கு அது 12க்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகை என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

இதை ஒரு தனி வீட்டின் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, இந்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. அதே வயது ஆடவருள் அது நூற்றுக்கு 25. இதற்குக் காரணங்கள் பல உண்டு. மாதவிலக்கு, பேறு, குடற்புழு என்று மருத்துவர்கள் அடுக்குவார்கள். ஆனால் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்பதும், சிக்கனம் என்றவுடன் முதலில் தன் தட்டிலிருந்து எடுப்பதும் அக்காரணங்களோடு சேரவில்லை என்று நம்முள் யார் சொல்ல முடியும்? உணவு முடிந்த கையோடு காப்பி குடிப்பதும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். பாலை நிறுத்திவிட்டுக் காப்பியை வைத்துக்கொண்டது அச்சகோதரிக்கு இருவகையிலும் நஷ்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வீட்டிற்குச் சென்றேன். கணவரையும் உட்காரச் சொன்னேன். "புத்தகத்தில் உள்ள கணக்கு அம்மாவுடையது, புத்தகத்தில் ஏறாத கணக்கு ஒன்று உங்கள் செல்பேசியில் இருக்கிறது, அதையும் பார்ப்போம்" என்றேன். அவர் சற்றுத் திகைத்தாலும் மறுக்கவில்லை. 2016இல் யு.பி.ஐ. வந்தபின் பத்து ரூபாய்க்கும் செல்பேசியைக் காட்டிவிட்டு நடக்கிறோம். முன்பு பர்ஸைத் திறந்தால் இருப்புக் குறைவது கண்ணுக்குத் தெரியும், இப்போது தெரிவதில்லை. ஆயினும் ஒரு நன்மை உண்டு: கையால் கொடுத்த காசுக்குச் சாட்சி இல்லை, இதற்கு வங்கிப் பட்டியல் சாட்சி. அப்பட்டியலில் 200 ரூபாய்க்குக் குறைந்த தொகைகளை மட்டும் மகளைக்கொண்டு தனியே எழுதச் செய்தோம். ஒரே மாதத்தில் 71 முறை. கூட்டியபோது 6,390 ரூபாய். அலுவலக வாசலில் தேநீரும் சமோசாவும், மகனின் பள்ளி வாசலில் ஏதோ ஒன்று, பார்ப்பதையே மறந்துபோன இரண்டு திரைப்படச் சந்தாக்கள். கணவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் இரவு எட்டு மணிவரை அமர்ந்து தேடுகிறவர் அவர்.

அந்த 71இல் 17 முறை, பத்து நிமிடத்தில் பொருளை வீட்டுவாசலில் கொணர்ந்து தரும் நிறுவனங்களுக்குப் போயிருந்தது. சேர்ப்புக்கூலி, கையாளும் கூலி, சிறு தொகைக்கு வாங்கினால் அதற்கென ஒரு கூலி என்று பொருளின் விலைக்குமேல் இவை ஏறுவதை யாரும் கவனிப்பதில்லை. அவற்றுள் இரண்டு, கொத்துமல்லிக்கட்டு ஒன்றுக்காகச் செய்தவை! தில்லியில் தெருவோரக் காய்கறி வண்டிக்காரரிடம் இரண்டு காய் வாங்கினால், கேட்ட மாத்திரத்தில் ஒரு பிடி கொத்துமல்லியும் நான்கு பச்சைமிளகாயும் இனாமாகப் பையில் விழும். தமிழ்நாட்டில் கறிவேப்பிலைக்கு இருந்த அதே மரியாதை. இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் இனாமாகக் கிடைப்பதைக் கூலிகொடுத்து வரவழைக்கிறோமே என்று சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

காய்கறி விஷயத்தில் நம்மவர் செய்யும் பிழை வேறொன்றும் உண்டு. ஊர்ச் சமையலை இங்கே அப்படியே நடத்தவேண்டுமென்ற பிடிவாதம். முருங்கைக்காயும் சேனையும் தேங்காயும் இங்கே தொலைவிலிருந்து வருகின்றன. ஆதலால் விலையும் அதிகம், பசுமையும் குறைவு. மார்கழியிலும் தை மாதத்திலும் இம்மண்ணில் விளைவதைப் பாருங்கள்: காலிபிளவர், பச்சைப்பட்டாணி, சிவப்புக் காரட், முள்ளங்கி, வெந்தயக்கீரை, பாலக், பதுவாக் கீரை, நெல்லிக்காய். வாரச்சந்தைக்குப் புத் பஜார், சனி பஜார் என்று கிழமையின் பெயரே ஊருக்கு ஊர் வழங்குகிறது. இரவு ஒன்பது மணிக்குமேல், வியாபாரிகள் கூடையைக் கட்டத் தொடங்கும் வேளையில், அங்கே விலை வெகுவாக இறங்கும். பாலக்கும் பதுவாவும் பருப்போடு சேர்ந்தால் மசியல். வெந்தயக்கீரை சாம்பாருக்கு அழகு. பட்டாணியும் காரட்டும் கூட்டுக்கு உதவும். நெல்லிக்காயைத் துவையலாக்கிக் கீரையோடு உண்டால், அதிலுள்ள 'சி' உயிர்ச்சத்து கீரையின் இரும்புச்சத்து உடலில் சேரத் துணைசெய்கிறது. இரத்தசோகைக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்கு இது மாற்று அன்று, துணை.

துவரம்பருப்பையும் அவ்வாறே கருதலாம். 2015இல் அது கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது பல வீடுகளில் சாம்பாரே அருகிப்போயிற்று. அவ்வாண்டில் பாசிப்பருப்பையும் மசூர் பருப்பையும் பாதிக்குப் பாதி கலந்து பழகிய வீட்டார் இன்றும் அவ்வழக்கத்தை விடவில்லை. ருசி குறைந்ததாகவும் யாரும் முறையிடவில்லை. இட்லிக்கென்று தமிழ்க் கடையில் வாங்கும் அரிசிக்குப் பதிலாக, இங்கே எங்கும் கிடைக்கும் சேலா என்னும் புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்துப் பாருங்கள். நான் பல்லாண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். குளிர் முற்றிய நாட்களில் மாவுடன் மன்றாடாமல் அடைக்குப் போய்விடுவது உத்தமம். அதற்குப் புளிப்பும் வேண்டாம், ஆயத்த மாவுப் பொட்டலமும் வேண்டாம். பாலை உறைக்குப் பதிலாக மதர் டெய்ரிச் சாவடியில் பாத்திரம் கொண்டுபோய் வாங்கினால் லிட்டருக்குச் சில ரூபாய் குறையும்.

மின்சாரத்தைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் வந்த ஏற்பாட்டின்படி தில்லியில் மாதம் 200 யூனிட்வரை கட்டணமில்லை. 201 முதல் 400வரை பாதிக் கட்டணச் சலுகை, அதிகபட்சம் 800 ரூபாய். 2022 அக்டோபர் முதல் இது விண்ணப்பித்தவர்களுக்கே உரியதாயிற்று. 400க்கு ஒரு யூனிட் மேலே போனாலும் சலுகை முழுவதும் போய்விடும் என்பதைப் பலர் அறியார். ஆகவே 390இல் நிற்கும் வீடும் 405இல் நிற்கும் வீடும் யூனிட் கணக்கில் அண்டைவீடு, பில்லில் அப்படியன்று. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்னும் புதுவகை 30 வாட் அளவில் ஓடும். நாளொன்றுக்குப் பதினைந்து மணிநேரம் ஓடினால் மாதத்தில் ஒரு விசிறிக்கு 20 யூனிட் மிச்சம். 2,000 வாட் வெந்நீர்க் கலன் அரைமணி நேரத்திற்கு ஒரு யூனிட் விழுங்கும். ஒருவர் குளித்து ஒருமணி கழித்து மற்றவர் குளிப்பதைவிட, அடுத்தடுத்துக் குளிப்பது லாபம். வீட்டுக்காரருடைய ஒரே மீட்டரில் மூன்று குடும்பங்கள் இருந்தால் கூட்டுத்தொகை 400ஐத் தாண்டிவிடும், சலுகை யாருக்குமில்லை. வாடகைக்கு இருப்போர் தனி மீட்டர் பெறுவதற்கு 2019 செப்டம்பரில் ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. சலுகை அவ்வப்போது அரசு நீட்டித்து வருவது. ஆதலால் பில்லை முழுவதும் படித்துப் பாருங்கள்.

கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்துள்ள நம் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. ஊரிலுள்ள குடும்ப அட்டை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்னுரிமை அட்டையாகவோ அந்தியோதய அட்டையாகவோ இருப்பின், அதைக்கொண்டு தில்லி நியாயவிலைக் கடையிலேயே தானியம் பெறலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரிலும் தில்லி 2021 ஜூலையிலும் இத்திட்டத்தில் இணைந்தன; 2023 ஜனவரி முதல் அத்தானியம் இலவசம். ஆனால் தமிழக அரசு தனியே தரும் பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்கமாட்டா.

மீண்டும் அந்தச் சகோதரியின் வீட்டுக்கு வருவோம். அன்று அவர் மற்றொன்றையும் சொன்னார். ஞாயிறுதோறும் நம் சங்கத்துத் தமிழ் வகுப்பிற்கு மகனை அனுப்ப ஆட்டோவுக்கும் மெட்ரோவுக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்த, தை முதல் நிறுத்திவிட எண்ணியிருந்தாராம். இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அது குறைக்கத்தக்க செலவன்று. விருந்தாளிகளுக்காக வாங்கிவைக்கும் விலையுயர்ந்த பிஸ்கட்டையும், நவராத்திரிக்குப் போட்டிபோட்டுக்கொண்டு வைத்துக்கொடுக்கும் எவர்சில்வர் சம்புடங்களையும் முதலில் விடுவோம். கொலுவுக்கு வருகிறவர் சுண்டலுக்கும் பாட்டுக்கும் வருகிறாரே அன்றிச் சம்புடத்துக்காக வரவில்லை. வகுப்புக்குப் போகும் வழியில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே பேட்டையிலிருந்து வருகிறார்கள் என்று கண்டுபிடித்து, இப்போது மூவரும் ஒரே ஆட்டோவில் மெட்ரோ நிலையத்துக்கு வருகிறார்கள்.

கார்த்திகையிலிருந்து அக்குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தில் இருவர் கையெழுத்தும் காணப்படுகிறது. கணவர் தம் தேநீர்ச் செலவைத் தாமே எழுதுகிறார். சில நாட்களில் மறந்துவிட்டு மறுநாள் சேர்த்து எழுதுகிறார். சந்தாக்கள் நின்றன. பத்து நிமிடக்காரர்களுக்குப் போனது மாதத்தில் மூன்று முறையாகக் குறைந்தது. ஆனால் பாலும் பழமும் கடலையும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டன. மருத்துவரும் மாத்திரையும் சேர்ந்தன. மார்கழியில் மிச்சம் 2,650 ரூபாய். முன்பு பிடித்த 3,000ஐவிடக் குறைவுதான். கல்லூரிப் பணம் குறித்த தொகையை எட்ட இன்னும் சிறிது காலம் கூடுதலாகும்; முதல் தவணைக்குக் குறைவது தம் அண்ணனிடம் கைமாற்றாக வாங்குவதென்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் 9.6 என்று வந்திருக்கிறது. மாடியில் இப்போதும் ஒருமுறை நிற்கத்தான் செய்கிறாராம். அடுத்த பரிசோதனை பங்குனியில்.

வரும் இதழில் ஊர்ப் பயணச் செலவைப்பற்றி எழுத எண்ணம். 2024 நவம்பர் முதல் இரயிலில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாத விடுமுறைக்கு ஊர் செல்வோர் அதற்குள் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.