ஹாலிஃபாக்ஸின் விளம்ப காலம்

2023இல் ஒரே கூடாரத்திலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன. பிப்ரவரியில் வந்தது ‘ஐஎக்ஸ்’. கீபோர்டும் மின்னணுத் தாளமும் முன்னால் நிற்க, கிதார் ஒதுங்கி வழிவிட்ட ஆல்பம் அது. டிசம்பரில் வந்தது ‘ஐகான் 30’. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு போட்ட மெட்டல் ஆல்பம் ஒன்றை, வயது ஐம்பதைத் தாண்டிய அதே ஆட்கள் (டிரம்ஸ் கலைஞர் மட்டும் வேறு) முதலிலிருந்து கடைசிவரை மறுபடி வாசித்துப் பதிவுசெய்திருந்தார்கள். இரண்டிலும் நடுநாயகமாக இருப்பவர்கள் பாடகர் நிக் ஹோம்ஸும் கிதார் கலைஞர் கிரெகர் மெக்கின்டாஷும். முதலாவதை ‘ஹோஸ்ட்’ என்ற பெயரில் இருவர் மட்டும் செய்தார்கள். இரண்டாவதை அவர்களுடைய தாய்க்குழுவான ‘பாரடைஸ் லாஸ்ட்’ செய்தது.

மெட்டல் ரசிகர்கள் இதில் முன்னதைத் துரோகத்தின் மிச்சம் என்பார்கள், பின்னதை வீடு திரும்பல் என்பார்கள். இரண்டும் ஒரே காரியம் என்பது நமது கட்சி. இசைக்கென்று ஒதுக்கிய இதழின் தலையங்கத்தை ஓர் ஆங்கில மெட்டல் குழுவுக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்கப்போகும் நண்பர்களுக்கும் அதுதான் பதில்.

ஹாலிஃபாக்ஸ், வட இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் கம்பளித் துணியால் பிழைத்த ஊர். 1779இல் துணி வியாபாரத்துக்கென்றே கட்டிய பீஸ் ஹால் இன்னும் அங்கே நிற்கிறது. உலகின் பெரிய கம்பள ஆலைகளில் ஒன்றான டீன் க்ளஃப், 1980களின் தொடக்கத்தில் ஓட்டத்தை நிறுத்தியது. ஆலை மூடிய ஊர், ஈரமான மலைச்சரிவு, வேலையில்லாத இளைஞர்கள், ஆகவே சோகமான இசை என்று விமர்சகர்கள் எழுதுவது வழக்கம். பாதிதான் நம்ப முடிகிறது. ஆலை மூடிய ஊர்கள் இங்கிலாந்தில் எத்தனையோ. எல்லா ஊரிலும் இந்த இசை பிறக்கவில்லை. பக்கத்திலேயே லீட்ஸ் நகரத்தில் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி’ குழு 1980 முதல் இருண்ட கோதிக் ராக் வாசித்துக்கொண்டிருந்ததும், டியூஸ்பரி என்ற சின்ன ஊரிலிருந்து ‘பீஸ்வில்’ என்ற இசைப் பதிப்பகம் இயங்கியதும் அதைவிட உறுதியான காரணங்கள்.

பீஸ்வில் பற்றிச் சிற்றிதழ்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பங்க் இசை உலகத்திலிருந்து வந்த பால் ‘ஹாம்மி’ ஹால்ம்ஷா, கேசட் போட்டு விநியோகிக்கும் முயற்சியாகத் தொடங்கி 1987வாக்கில் இசைத்தட்டு நிறுவனமாக ஆக்கியது அது. பத்துப் பேருக்கு அனுப்பினால் நூறு பேரிடம் நகலாகிப் போகும் கேசட் உலகம் அது. 1988இல் தொடங்கிய பாரடைஸ் லாஸ்ட்டும் ‘டெமோ’ கேசட்டுகளின் வழியாகத்தான் அதன் கண்ணில் பட்டது. பிராட்ஃபர்டின் ‘மை டையிங் பிரைட்’, லிவர்பூலின் ‘அனதீமா’, ஹாலிஃபாக்ஸின் பாரடைஸ் லாஸ்ட் ஆகிய மூன்றையும் ‘பீஸ்வில் மூவர்’ என்று இன்றும் சேர்த்தே சொல்கிறார்கள். பெரிய நிறுவனம் எதுவும் இந்த இசையைத் தொட்டிருக்காது.

1990இல் வந்த முதல் ஆல்பம் ‘லாஸ்ட் பாரடைஸ்’. கனமானது, மெதுவானது, கரடுமுரடானது. ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். டியூஸ்பரியின் அகாடமி ஸ்டுடியோவில் பதிவாகி அடுத்த ஆண்டு வந்த ‘கோதிக்’ வேறு சங்கதி. அப்போது இவர்களுக்கு வயது இருபதை ஒட்டி.

அந்த ஆல்பத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மெட்டல் பாடலில் பொதுவாக ராகத்தைச் சுமப்பது பாடகரின் குரல். முன்னணி கிதார், பாட்டின் பிற்பகுதியில் தனி ஆவர்த்தனம் வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். ‘கோதிக்’ ஆல்பத்தில் ஹோம்ஸின் குரல் டெத் மெட்டல் உறுமல். அதில் சுரம் கிடையாது. கிட்டத்தட்ட ஒரு தாள வாத்தியம். அப்படியானால் பாட்டில் பாட வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் மெக்கின்டாஷின் கிதார் வந்து உட்கார்ந்துவிட்டது. கீழே ஆரன் ஏடியின் ரிதம் கிதாரும் ஸ்டீவ் எட்மன்சனின் பேஸும் தாழ்ந்த சுருதியில், விளம்ப காலத்தில் நகர்கின்றன. மேலே ஒற்றைக் கிதார், தந்தியை இழுத்து நெளித்து, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அழுதுகொண்டே போகிறது. சாவு வீட்டில் ஆண்கள் வார்த்தையின்றி இறுகி நிற்க, ஒப்பாரிக்காரி ஒருத்தி மட்டும் குரலெடுப்பது போல. தனி ஆவர்த்தனத்துக்காக அவர் காத்திருப்பதில்லை. முதல் நொடியிலிருந்து கடைசிவரை அவர்தான் பாடகர்.

இதோடு சேரா மேரியனின் பெண்குரலையும், வாத்தியக் குழுவின் ஓசைகளையும் சில இடங்களில் சேர்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டது இந்தச் சேர்மானத்தைத்தான். நார்வேயின் ‘தியேட்டர் ஆஃப் ட்ராஜடி’ உறுமும் ஆண்குரலையும் மெல்லிய பெண்குரலையும் ஒரு சூத்திரமாகவே ஆக்கியது. ஐரோப்பா முழுக்க அந்தச் சூத்திரம் பரவி, கறுப்புக் கவுன் அணிந்த பாடகியும் மெழுகுவத்தியும் இல்லாமல் கோதிக் மெட்டல் இல்லை என்ற நிலை வந்தது. அந்த வகைக்குத் தன் ஆல்பத்தின் தலைப்பையே பெயராகக் கொடுத்துவிட்ட குழுவோ, பெண்குரலையும் வாத்தியக் குழுவையும் விரைவிலேயே ஓரமாக வைத்துவிட்டது. எல்லோரும் அலங்காரத்தை எடுத்துக்கொண்டார்கள். அழுகிற கிதாரை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. ஸ்வீடனின் ‘கட்டடோனியா’ அந்தச் சிலரில் ஒன்று.

அடுத்த நான்கு ஆண்டுகளின் கதையைச் சுருக்கிவிடலாம். ‘ம்யூசிக் ஃபார் நேஷன்ஸ்’ நிறுவனத்துக்கு மாறி, சைமன் எஃப்மி தயாரிப்பில் மூன்று ஆல்பங்கள்: 1992இல் ‘ஷேட்ஸ் ஆஃப் காட்’, 1993இல் ‘ஐகான்’, 1995இல் ‘ட்ரகோனியன் டைம்ஸ்’. ஹோம்ஸ் படிப்படியாக உறுமலை விட்டுச் சுரத்துக்கு வந்தார். மூன்றாவது ஆல்பம் பிரிட்டன் தரவரிசையில் 16ஆம் இடம்வரை ஏறியது. அதில் ‘ஃபாரெவர் ஃபெய்ல்யர்’ பாடலில் கொலைகாரன் சார்ல்ஸ் மேன்சனின் பேட்டிக் குரலைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்து மெட்டலில் இப்படி அதிர்ச்சி மதிப்புக்காகச் சேர்த்தவை ஏராளம். பாட்டுக்கு அது தேவைப்படவில்லை என்பது நம் எண்ணம். கவனிக்க வேண்டியது வேறு. குரல் பாடத் தொடங்கியதும் கிதாருக்கும் குரலுக்கும் ராகத்தில் பங்கு பிரிந்தது. அழுகையில் பாதி ஹோம்ஸின் தொண்டைக்குப் போனது.

இந்த வரிசையில் வைத்துத்தான் 1999ஐப் பார்க்க வேண்டும். 1997இல் ‘ஒன் செகண்ட்’ ஆல்பத்திலேயே தலைமுடி குறைந்து கீபோர்டு கூடியிருந்தது. 1999இல் பெரிய நிறுவனமான ஈஎம்ஐ வெளியிட்ட, பிற்காலத்து இருவர் குழுவின் அதே பெயர் கொண்ட ‘ஹோஸ்ட்’ ஆல்பம், ‘டெப்பெஷ் மோட்’ குழுவின் சாயலில் முழுக்க மின்னணு இசையாக வந்தது. கிதார் இருக்கிறது, ஆனால் கிதார் என்று காது சொல்லாத அளவுக்கு உருமாறியிருக்கிறது. ரசிகர்கள் கொதித்தார்கள். விலைபோய்விட்டார்கள் என்றார்கள். நம் பக்கத்திலும் இது நடக்காததல்ல. முதல் தொகுப்பின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்பவர்தான் மூன்றாவது தொகுப்பு வந்ததும் ‘ஆள் நீர்த்துப்போய்விட்டார்’ என்று தீர்ப்பு எழுதி அனுப்புவார். அவருக்குத் தேவை கவிஞர் அல்லர், தன் இருபது வயது.

‘ஹோஸ்ட்’டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தெரியும். அதே விளம்ப காலம், அதே சிறிய சுரங்களின் இறக்கம், அதே நெளிவு. 1991இல் கிதார் செய்த வேலையை இங்கே கீபோர்டும் வயலின்களின் ஓசையும் செய்கின்றன. இசையமைத்த கையும் அதே மெக்கின்டாஷின் கை. விலைபோனவர்கள் விலைபோகக்கூடிய ஒன்றைச் செய்திருக்க வேண்டும். இந்த ஆல்பமோ பழைய ரசிகர்களை விரட்டியது, புதியவர்களையும் பெரிதாகக் கொண்டுவரவில்லை. வியாபாரக் கணக்கில் இதைவிட மோசமான துரோகம் இருக்க முடியாது!

இவர்களுடைய நிஜமான சறுக்கல் 2001இல் வந்த ‘பிலீவ் இன் நத்திங்’. கிதாரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் அதைப் பாட விடவில்லை. ரசிகருக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நின்றுகொண்டு செய்த வேலை என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. குழுவினரே அதன் ஒலியின்மீது இருந்த அதிருப்தியை மறைக்கவில்லை. 2018இல் அதை முழுக்க மறுகலவை செய்து வெளியிட்டார்கள். அப்போதும் நமக்கு அது ஒட்டவில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் கிதார் மெல்ல மெல்லக் கனத்தது. 2009இன் முடிவில் மெக்கின்டாஷின் தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தை இறக்கிவைக்க அவர் ‘வாலன்ஃபயர்’ என்ற தனிக்குழுவைத் தொடங்கி, 2011இல் ‘எ ஃப்ரஜைல் கிங்’ என்ற ஆல்பத்தில் தானே உறுமிப் பாடினார். மூலாதாரமான டெத் மெட்டல், பளபளப்பே இல்லாதது. 2014இல் ஹோம்ஸ் ஸ்வீடனின் ‘பிளட்பாத்’ குழுவில் உறுமச் சேர்ந்தார். வெளியே போய்ப் பழைய குரலைத் தேடிய இருவரும் 2015இல் ‘த பிளேக் விதின்’ ஆல்பத்தில் அதைத் தாய்வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலுள்ள ‘பினீத் ப்ரோக்கன் எர்த்’ இவர்களுடைய பாடல்களிலேயே மிக மெதுவானவற்றில் ஒன்று. 2017இன் ‘மெடூசா’ இன்னும் இருட்டு, இன்னும் நிதானம்.

இதைத்தான் வீடு திரும்பல் என்கிறார்கள். ஆனால் இருபது வயதில் உறுமியது பாடத் தெரியாததால். நாற்பத்தைந்தில் உறுமியது பாடத் தெரிந்திருந்தும். ‘த பிளேக் விதின்’ ஆல்பத்தில் ஒரே பாடலுக்குள் உறுமலும் சுரமும் மாறி மாறி வருகிற இடங்களில், எங்கே எதை நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அவ்வளவு துல்லியம். ‘ஹோஸ்ட்’ காலத்தில் குரலை ஒடுக்கிப் பாடிப் பழகாமல் இது வந்திருக்காது என்று அடித்துச் சொல்லலாம்.

2014இல் பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரத்து ரோமானிய அரங்கில், ஓபரா வாத்தியக் குழுவோடும் கூட்டிசைக் குழுவோடும் சேர்ந்து ஒரு கச்சேரி செய்தார்கள். ‘சிம்ஃபனி ஃபார் த லாஸ்ட்’ என்று மறு ஆண்டு வெளியானது. பார்க்கப் பிரமாதம். கேட்க அவ்வளவு இல்லை. மெக்கின்டாஷின் ஒற்றைக் கிதார் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அத்தனை வயலின்கள் எதற்கு என்றுதான் தோன்றியது. ஹோம்ஸோ இந்த மாதிரி பிரமாண்டங்களின் நடுவிலும் பாட்டுக்குப் பாட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு நக்கலடிப்பவர். சாவைப் பற்றிப் பாடிவிட்டு அடுத்த நொடி யார்க்‌ஷயர் குசும்பு.

தொடங்கிய ஐவரில் ஹோம்ஸ், மெக்கின்டாஷ், ஏடி, எட்மன்சன் ஆகிய நால்வரும் இன்றும் குழுவில் இருக்கிறார்கள். டிரம்ஸ் நாற்காலியில் மட்டும்தான் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரில் பதினேழாவது ஆல்பமாக ‘அசென்ஷன்’ வந்தது. மெக்கின்டாஷே தயாரிப்பாளர். நல்ல ஆல்பம். ஆனால் புதிதாகக் கேட்க வருபவர்கள் அதில் தொடங்க வேண்டியதில்லை. ‘கோதிக்’கையும் ‘ஹோஸ்ட்’டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘ட்ரகோனியன் டைம்ஸ்’ பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எல்லோருக்கும் பிடித்துவிடும்.

– ஆசிரியர்