தொலைந்த ஒலியும் தங்கிய எழுத்தும்

சென்ற கிழமை ஒரு நாள் என் பேத்தி பாடசாலையிலிருந்து வந்ததும் புத்தகப் பையை மூலையில் வைத்துவிட்டு, "அப்பப்பா, இனி நான் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கமாட்டேன்" என்றாள். எட்டாம் வகுப்பில் படிப்பவள். கலப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவள் 'பிளஃப்' என்று வாசித்தாளாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம்.

"கரடுமுரடு என்பதற்குரிய சொல்லை 'ரஃப்' என்று சொல்லும்படி முதல் நாள்தான் ரீச்சர் திருத்தினார். அதே நான்கு எழுத்துத்தானே கலப்பையிலும் இருக்கிறது? அதைப் 'பிளவ்' என்று சொல்லவேண்டுமாம். இதில் என் பிழை என்ன?" என்று கேட்டாள்.

பிழை அவளுடையதன்று. ஓ, யூ, ஜீ, எச் என்னும் நான்கு எழுத்துக்களும் இவ்வரிசையில் கூடி நின்றால், கற்றறிந்தோரும் சற்றுத் தயங்கவே செய்வர். 'ஆயினும்' என்று பொருள்படும் சொல் 'தோ'. அதனோடு ஓர் 'ஆர்' சேர்ந்து 'ஊடாக' என்று பொருள்பட்டால் 'த்ரூ'. மரக்கிளை 'பவ்', இருமல் 'கொஃப்'. போறணையிலே பிசைந்து வைத்திருக்கும் பாண் மா 'டோ'. போதும் என்பது 'இனஃப்'. முழுமையான என்பது 'தறா'. இவற்றையெல்லாம் விஞ்சிய சொல் ஒன்றுண்டு. சேற்று நிலத்தைக் குறிக்கையில் அதனை 'ஸ்லவ்' என்பர். பாம்பு கழற்றிய சட்டையைக் குறிக்கையில் 'ஸ்லஃப்' என்பர். எழுத்திலே அணுவளவும் வேற்றுமை இல்லை!

"ஒலிக்காத எழுத்தை எதற்காக எழுதினார்கள்?" என்று பேத்தி விடாமற் கேட்டாள். விடை இதுதான்: அவ்வெழுத்துக்கள் ஒரு காலத்தில் ஒலித்தன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஆங்கிலத்தில் இச்சொற்கள் யாவும் ஒரே ஓசை உடையனவுமல்ல. 'ஊடாக' என்பதை அக்காலத்தார் 'துருஹ்' என்றும், கிளையை 'போஹ்' என்றும், கடினமானதைத் 'தோஹ்' என்றும் சொல்லினர். ஈற்றில் வரும் அந்த ஒலி தொண்டையை உரசி வெளிப்படுவது. இன்றைய ஆங்கிலேயருக்கு அது அந்நியமாகிவிட்டது. நமக்கோ நன்கு பழக்கமான ஒலி. 'மகன்', 'பகல்', 'முகம்' என்று சொல்லிப் பாருங்கள். 'கல்' என்பதிலுள்ள வல்லோசை நடுவில் நிற்கும் ககரத்துக்கு இல்லை. அது மெல்ல உரசிச் செல்கிறது. ஆங்கிலம் இழந்த ஒலியும் இதுவும் முற்றும் ஒன்றென்று சொல்லமாட்டேன். மிக நெருங்கிய உறவென்று சொல்லலாம். பேத்தியை 'மகன்' என்று பத்து முறை சொல்லச் செய்தேன். அடுக்களையிலிருந்து அவள் அப்பம்மா எட்டிப் பார்த்து, "உங்களுக்கு என்ன பிடித்தது?" என்றார்.

1066ஆம் ஆண்டில் நோர்மண்டியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் பிரெஞ்சு முறையிற் பயின்ற எழுத்தர்கள், காலப்போக்கில் இவ்வொலிக்கு ஜீ, எச் என்னும் ஈரெழுத்தை எழுதலாயினர். 1476இல் வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மினிஸ்டரில் அச்சியந்திரத்தை நிறுவினார். அச்சுக்கலை பரவப் பரவ எழுத்து ஒரு நிலைக்கு வந்தது. நாவோ நிலைகொள்ளாமல் மாறிக்கொண்டிருந்தது. சில சொற்களில் அந்தத் தொண்டை ஒலி அடியோடு மறைந்தது. வேறு சிலவற்றில் அது உதட்டுக்கு இடம்பெயர்ந்து 'ஃப்' ஆயிற்று. உயிரொலிகளும் கூடவே மாறின. ஊருக்கு ஊர் பேச்சு வேறுபட்டிருந்தமையால், பொதுமொழியானது ஒரு சொல்லை ஒரு வட்டாரத்திலிருந்தும் மற்றொன்றைப் பிறிதொரு வட்டாரத்திலிருந்தும் ஏற்றுக்கொண்டது. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இனமொழியாகிய ஜெர்மனியில் 'ஆயினும்' என்பதற்கு உறவான சொல்லை இன்றும் 'டொஹ்' என்றே ஒலிக்கின்றனர். வட அயர்லாந்தின் பெரிய ஏரியாகிய 'லொஹ் நே'யின் முதற்சொல்லிலும் இதே நான்கு எழுத்துக்கள் உண்டு. அங்கே அவை தொண்டை ஒலியை இன்னும் காத்துநிற்கின்றன.

வரலாறு அறிந்தால் மனம் ஆறும். பரீட்சைக்கு அது போதாது. ஆகவே மாணவர்கள் பின்வருவதை நினைவில் வைப்பது நன்று. இந்நான்கு எழுத்துக்களை அடுத்து 'டீ' வந்தால் அச்சமின்றி 'ஓட்' என்று வாசிக்கலாம். நினைத்தான் 'தோட்', வாங்கினான் 'போட்', கொண்டுவந்தான் 'ப்றோட்', போரிட்டான் 'ஃபோட்', தேடினான் 'சோட்' என எல்லாம் ஒரே குடும்பம். அடிக்கடி எதிர்ப்படுவனவற்றுள் வரட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' ஒன்றே விலகி நிற்கும். 'டீ' இல்லாதவற்றுள், 'ஃப்' என்று முடிவனவற்றில் பெரும்பாலும் நமக்கு வேண்டியவை ஐந்தே: கரடுமுரடு, கடினம், போதும், இருமல், மாட்டுக்கு நீர் வைக்கும் தொட்டி. எஞ்சியவற்றைச் சொல்லுக்குச் சொல் பழகிக்கொள்வதன்றி வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. நம் ககரம் நிற்குமிடத்தைக் கொண்டே அதன் ஒலியை அறியலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

அமெரிக்கர் இத்தொல்லையை ஓரளவு குறைத்துக்கொண்டனர். கலப்பையைப் பீ, எல், ஓ, டபிள்யூ என்று நான்கே எழுத்தில் எழுதுவர். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியிலும் அவ்வடிவமே உண்டு. 1906இல் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முந்நூறு சொற்களை எளிய எழுத்தில் அச்சிடுமாறு அரசாங்க அச்சகத்துக்குப் பணித்தார். 'ஆயினும்', 'ஊடாக' என்பவையும் அவற்றுள் அடங்கும். பத்திரிகைகள் நகைத்தன, காங்கிரஸ் சபை எதிர்த்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே அவர் பின்வாங்க நேர்ந்தது. எண்ணிப் பார்த்தால், சிரிப்புக்கு ஆளானவள் என் பேத்தி மட்டுமல்லள்.

இதைக் கேட்டு அவள் முகம் சற்றுத் தெளிந்தது. அகராதியைத் தானே எடுத்துப் புரட்டியவள், "விக்கலுக்கும் இந்த எழுத்துக்களை எழுதலாமென்று இருக்கிறதே! அதைக் 'ஹிக்கொஃப்' என்றா சொல்வது?" என்று கேட்டாள். இல்லை, அது 'ஹிக்கப்'தான். விக்கலின் ஓசையைப் பின்பற்றிப் பிறந்த அச்சொல்லை, இருமலோடு தொடர்புடையதென்று யாரோ தவறாகக் கருதி இருமலின் எழுத்தை அதன் வாலில் ஒட்டிவிட்டனர். அத்தவறு அகராதியிலும் ஏறிவிட்டது.

"பெரியவர்கள் விட்ட பிழையா?" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாளை முதலாம் பாடம் ஆங்கிலம். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பேன் என்கிறாள்.