தேடுவதற்கும் கூலி உண்டு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வருகிற தொல்லைகளில் மோசமானது எது என்று கேட்டால், கரன்ட் வந்து வந்து போகிற தொல்லைதான் என்பேன். ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியைச் சரி செய்வது சுலபம். காலையில் மூன்று முறை மக்கர் செய்துவிட்டு, மெக்கானிக் வந்து நின்றதும் சாவியைத் தொட்டவுடன் கிளம்பிவிடுகிற வண்டியை என்ன செய்வது? அவர் தலையைச் சொறிவார். "பேட்டரி வீக்கா இருக்கும் சார், மாத்திடலாம்" என்பார். நாமும் தலையாட்டுவோம். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரியும் அல்ல, செல்ஃப் மோட்டாரும் அல்ல. அவற்றைச் சேர்க்கிற இணைப்புகள்தான். அதைப் பொறுமையாகத் தேடுகிறவர்கள் குறைந்து போனதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தேடுவதற்குக் கூலி தர மனமில்லாத வண்டிக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

"விளக்கு பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை, எப்படி?" என்று பலர் கேட்பார்கள். பள்ளியில் படித்த ஓம் விதியே போதும். சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சுமார் 100 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலில் பச்சை பூத்தோ, எர்த் பட்டை அரித்தோ வெறும் 0.02 ஓம் தடை உண்டாகியிருந்தால், 2 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். மோட்டாருக்கு மிச்சம் கிடைப்பது போதாமல் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். அதே தடை வழியாக வண்டிக்குள் இருக்கும் 5 வாட் பல்புக்குப் போவது அரை ஆம்பியருக்கும் குறைவு. இழப்பு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பல்பு எரியத்தானே செய்யும்?

தொலைந்த அந்த 2 வோல்ட்டும் சும்மா போவதில்லை. 100 ஆம்பியரில் அது 200 வாட் சூடு. அதனால்தான் செல்ஃப் அடித்த உடனே டெர்மினலைத் தொட்டுப் பார்த்தால் கெட்ட இணைப்பு சுடும். காசில்லாத பரிசோதனை இது.

சரி, ஏன் வந்து வந்து போகிறது? உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கும். மழை ஈரம் ஏறும், கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேரும். லூஸாக இருக்கிற இணைப்பு ஒரு சமயம் தொடும், ஒரு சமயம் விடும்.

புதுப் பேட்டரி போட்டதும் சில நாள் வண்டி நன்றாக ஓடுவதற்கும் காரணம் இதுவே. பேட்டரி மாற்றுகிற பையன் டெர்மினலைச் சுரண்டி, நட்டை இறுக்கிப் போடுகிறான். குணமாக்கியது அந்தச் சுரண்டல்தான். பெயர் மட்டும் பேட்டரிக்குப் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர். பதினெட்டு வருஷத்துக் கார், பென்ஷன் வருமானம். முதலில் பேட்டரி மாற்றினார், பிறகு ஆல்டர்னேட்டர், அப்புறம் செல்ஃப் மோட்டார். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். கடைசியில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். ஒரு மணி நேரம் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியிலும் மேலுமாகப் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் பட்டையில் பாதி இழைகள் அறுந்திருந்தன. புதுப் பட்டை போட்டுவிட்டு முந்நூறு ரூபாய் கேட்டார். நம்மவர், "ஒரு வயர் மாத்தினதுக்கா முந்நூறு?" என்று பேரம் பேசி இருநூறு கொடுத்தார்.

அந்த எலக்ட்ரீஷியன் அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பாரா? பொருளை மாற்றினால் பில், லாபம், பேச்சில்லாமல் பணம். தேடினால் பேரம். டாக்டரிடம் மருந்தே எழுதாவிட்டாலும் கன்சல்டிங் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். வண்டியின் நாடி பார்க்கிறவருக்கு மட்டும் ஏன் கூடாது?

மெக்கானிக்குக்கு உதவியாக நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். எப்போது நின்றது, மழையா வெயிலா, பள்ளத்தில் இறங்கியபோதா, சாவியைத் தொட்டபோதா, அப்போது எவையெல்லாம் அணைந்தன என்று எழுதுங்கள். ஹாரன், விளக்கு, எஞ்சின் எல்லாமே ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு: டெர்மினல், மெயின் ஃபியூஸ், எர்த். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குச் சாவி தேவையில்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்க, வைப்பரும் எஞ்சினும் மட்டும் போனால் இக்னிஷன் ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது அளவு. சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பிறகு ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலும், மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. பார்க்க நன்றாயிருக்கிற வயரும் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

செய்யக்கூடாதவை மூன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்க விடாதீர்கள். அது டைனமோ காலத்துப் பழக்கம். இன்று அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி டயோடும் கம்ப்யூட்டரும் போகலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸோ கம்பியோ சுற்றாதீர்கள். ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும். தீப்பிடிக்கிற வழி அது. டெர்மினலைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்று ஓடுகிறவை எல்லாமே பத்து வயது தாண்டியவை. உள்ளே இருக்கிற வயருக்கும் அதே வயதுதான். பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட விற்றுவிடலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு விதத்தில் அவர்கள் பயம் நியாயமானது. ராத்திரி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே விளக்கும் எஞ்சினும் ஒன்றாக அணைவது விளையாட்டில்லை. இந்தத் தொல்லை இருக்கிற வண்டியை, காரணம் தெரிகிற வரை இரவுப் பயணத்துக்கு எடுக்கவே கூடாது. ஆனால் ஓர் எர்த் பட்டைக்காக நல்ல வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடுவதும் புத்திசாலித்தனம் இல்லை.

அடுத்த முறை "மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், "எதை அளந்து பார்த்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்த கணக்கைச் சொல்கிறவரை விட்டுவிடாதீர்கள். அவர் ஒரு பொருளும் மாற்றாமல் நட்டை மட்டும் இறுக்கிவிட்டுக் கூலி கேட்டால், பேரம் பேசாமல் கொடுங்கள். நட்டை இறுக்க யாராலும் முடியும். எந்த நட்டு என்று அவருக்குத்தான் தெரிந்தது.