இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்

பத்து வயது தாண்டிய டெஸ்க்டாப்பில் கேம் ஆட ஆசைப்படும் பையன்களுக்குச் சென்ற இதழில் ஒருவர் புத்தி சொல்லியிருக்கிறார். சாரம் இதுதான்: அந்தப் பெட்டிக்குச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயும் செத்த மாட்டுக்குப் போடும் புல். புராசஸர் இழுக்காது. செகண்ட் ஹேண்ட் கிராஃபிக்ஸ் கார்டு எல்லாமே கிரிப்டோ மைனிங்கில் வெந்தவை. விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, மாதத் தவணையில் ஒரு கேமிங் லேப்டாப் எடுங்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் மொபைலில் ஆடிக்கொள்ளட்டுமே என்று போகிற போக்கில் ஓர் ஆசீர்வாதம் வேறு.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்தப் புராசஸர், எத்தனை ஜிபி ரேம், என்ன மானிட்டர், பையன் ஆட நினைப்பது எந்த கேம் என்று ஓரிடத்திலும் அவர் கேட்கவில்லை. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு ஸ்க்ரூ. அதைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சங்கு ஊதிவிட்டுப் போகிறார். உள்ளே படுத்திருப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்?

நான் பார்த்த ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அக்கா வீடு அம்பத்தூர் ஓ.டி. பக்கம். மாமா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டு ஹாலில் ஓர் அசெம்பிள்டு சிஸ்டம். காலையில் அதில் மாமாவின் பில்லும் ஜிஎஸ்டி கணக்கும். சாயங்காலம் அக்கா பையனின் ஜிடிஏ 5. புராசஸர் இன்டெல் ஐ5-3470. எச்61 போர்டு, ஒரே ஒரு 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1600×900 மானிட்டர். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஜிடிஏவில் கார் ஓடாது. ஃபோட்டோ ஆல்பம் புரட்டுவதுபோல் நகரும். கட்டுரையாளர் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே காயலான் கடைக்காரருக்கு ஃபோன் போட்டிருப்பார்.

தகட்டைக் கழற்றினோம். எஸ்டேட் ரோட்டு லாரித் தூசி ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி படிந்திருந்தது. எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் பல்லி முட்டை ஓடு. புராசஸர் மேலிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. முந்தைய நாள் அளந்தபோது, கேம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் புராசஸர் 95 டிகிரியைத் தொட்டிருந்தது. தூசி தட்டி, 150 ரூபாய்க்குப் புதுப் பேஸ்ட் வாங்கித் தடவியதும் அதே கேமில் 70-ஐத் தாண்டவில்லை. இதற்குப் பெயர் அப்கிரேடுகூட இல்லை. குளிப்பாட்டியது, அவ்வளவுதான்.

அடுத்து, காலியாகக் கிடந்த ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம்: பழையது, 500 ரூபாய். இரண்டு ரேம் சேர்ந்ததும் மெமரிக்கு ஒரு பாதை இரண்டு பாதையானது. பிறகு 240 ஜிபி எஸ்எஸ்டி, 1,600 ரூபாய். எச்61 போர்டில் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று யாராவது சொன்னால் அது உண்மை. பாதி வேகமே அந்த ஹார்ட் டிஸ்க்கைப்போல் பல மடங்கு என்பதும் உண்மை. பழைய டிஸ்க்கில் ஊசி சுற்றிச் சுற்றித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் தேடுகிற வேலையே கிடையாது. கடைசியாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, செகண்ட் ஹேண்ட், 4,800 ரூபாய்.

இப்போது அவருடைய முதல் தீர்ப்புக்கு வருவோம்: "புராசஸர் இழுக்காது." ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். அந்த கேம் நன்றாக ஓட என்ன வேண்டும் என்று தயாரித்தவர்களே ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் இன்டெல் தரப்பில் அவர்கள் பரிந்துரைத்த புராசஸர் எது தெரியுமா? ஐ5-3470. ஹாலில் தூசி தின்றுகொண்டிருந்த அதே ஐ5-3470. கார்டுக்கு அவர்கள் கேட்டது ஜிடிஎக்ஸ் 660. 1050 டிஐ அதற்குச் சளைத்ததல்ல. பிணம் என்று இவர் எழுதிக் கொடுத்த ஆள், கேம் கம்பெனியின் அழைப்பிதழில் பெயரோடு இருக்கிறார்.

"பாட்டில்நெக்" என்ற சொல்லைக் கட்டுரையில் மந்திரம்போல் ஓதுகிறார். அர்த்தம் எளிது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேலையைத் தயார் செய்து தருவது புராசஸர், வரைவது கார்டு. இரண்டில் மெதுவானது எதுவோ அதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். பாடி மேம்பாலத்தில் எவ்வளவு விரட்டி வந்தாலும் எஸ்டேட் சிக்னலில் நின்றுதானே ஆக வேண்டும்? சரி. ஆனால் அக்கா வீட்டு மானிட்டர் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. 60-ஐத் தயார் செய்யப் புராசஸருக்கும், 60-ஐ வரையக் கார்டுக்கும் தெம்பு இருந்தால் கணக்கு முடிந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இந்த வருஷத்து கேமும் வைத்திருப்பவனுக்கான அளவுகோலை எடுத்துவந்து இந்தப் பையனை அளந்தால் அவன் குள்ளமாகத்தான் தெரிவான்.

அப்படியும் அடம்பிடிப்பவர்களுக்கு அவர் தரும் ஒரே சலுகை: "புதிதாக வந்த விலை குறைந்த கார்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்." இது அறிவுரையல்ல, கண்ணி. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6400-ஐ எடுத்துக்கொள்வோம். அது போர்டோடு பேசுவது நான்கே லேன் வழியாக. பிசிஐஇ 4.0 உள்ள புதுப் போர்டில் அந்த நான்கு போதும். 3.0 போர்டில் செருகினால் பாதை பாதியாகும், 2.0-வில் கால்வாசி. புதுக் கார்டு என்று பெட்டியில் போட்டிருக்கும். படம் திக்கித் திக்கி வரும். 2016-இல் வந்த 1050 டிஐ பதினாறு லேனையும் பயன்படுத்தும். பழைய போர்டுக்குப் பழைய கார்டே பொருத்தமான சம்பந்தம்.

அவர் பயமுறுத்திய எதுவும் அந்தப் பெட்டியைக் கொன்றிருக்காது. கொல்லக்கூடிய ஒன்றைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அது பெட்டிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ். அக்கா வீட்டுப் பெட்டியில் இருந்ததன் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே பொடி எழுத்தைப் படித்தேன். கார்டும் புராசஸரும் குடிக்கும் 12 வோல்ட் லைனில் 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். ஸ்டிக்கரில் உள்ள மீதி 258 வாட் கார்டுக்கும் புராசஸருக்கும் உதவாது. 1050 டிஐ தனி ஒயர் கேட்காமல் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் பிழைத்துக்கொள்ளும் என்பதால் ஓட்டிப் பார்க்கலாம் என்று பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். புறநகரில் கரண்ட் போய் வரும் லட்சணத்தில் அந்த டப்பா வெடித்தால் போர்டையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போகும். 3,200 ரூபாய்க்கு நல்லதாக ஒன்று வாங்கினோம். பட்ஜெட்டில் கை வைக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான். பட்ஜெட் பற்றியே எழுதியவர் அதை மறந்தது எப்படி?

மொத்தம் 10,250 ரூபாய்.

அடுத்தது மைனிங் பூச்சாண்டி. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ, மைனிங் தேவைப்படாத வேறு முறைக்கு மாறியதும் மைனிங் கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தது நிஜம். ஆனால் எத்தீரியம் மைனிங்குக்குத் தேவைப்பட்ட மெமரி 2020 கடைசியிலேயே 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு 4 ஜிபி கார்டை வைத்து எத்தீரியம் தோண்ட முடியாது. 1050 டிஐக்கு இருப்பது 4 ஜிபி. 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 என்றால் அவர் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. எல்லாக் கார்டும் வெந்தது என்பது, பழைய பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர் பேசுகிற பேச்சு.

இந்தச் சந்தையில் நிஜமான ஆபத்து வேறு: போலி. ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரிக் கிழட்டுக் கார்டின் பயாஸை மாற்றி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். கண்டுபிடிக்கும் வழி இலவசம். ஜிபியு-இசட் என்ற சின்ன சாஃப்ட்வேர் போலியைப் போலி என்றே காட்டும். அசலுக்கு 768 கோர் இருக்கும். நாங்கள் ஆவடியிலிருந்து வரும் மின்சார ரயிலில் அம்பத்தூரில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். கடைக்காரரிடம் கார்டை அவர் மெஷினிலேயே மாட்டச் சொல்லி, இருபது நிமிஷம் முழுச் சுமையில் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் காதில் கேட்டுவிட்டுத்தான் காசை எடுத்தோம். "ஓட்டிப் பாத்துக்க தம்பி, அப்புறம் வந்து நிக்காத" என்று அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

விண்டோஸ் விஷயத்தில் அவர் சொன்னது பாதி சரி. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசஸர்களை, ஓரிரு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷம். மறைக்க இதில் ஒன்றுமில்லை. அதேபோல் ஏவிஎக்ஸ்2 என்ற புராசஸர் வசதியைக் கேட்கிற புது கேம்கள் இந்தப் புராசஸரில் தொடங்கவே தொடங்காது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-வில் கூட்டம் கூடினால் நான்கு கோர் திணறும். அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ7-3770 கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடும். லினக்ஸுக்கு மாறினால் ஸ்டீமின் புரோட்டான் வழியாக ஏராளமான கேம்கள் ஓடும், ஆனால் வேலரன்ட் ஓடாது. இப்படி எது ஓடும், எது ஓடாது என்று பிரித்துச் சொல்வதுதான் எழுதுகிறவன் வேலை. ஒன்று ஓடாது என்பதற்காக எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்வது வேலையைத் தட்டிக்கழிப்பது.

சரி, அவர் காட்டும் சொர்க்கத்துக்கு டிக்கெட் எவ்வளவு? லேப்டாப் 70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 மாதம் பிரித்தால், வட்டி ஒரு பைசா இல்லாவிட்டாலும் மாதம் 3,889. எங்கள் மொத்தச் செலவு மூன்று தவணைக்குள் அடங்கிவிடும். "நோ காஸ்ட் இஎம்ஐ" என்கிறார். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளைக் கண்டித்தது. முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடியை விட்டுக்கொடுப்பதும், புராசஸிங் கட்டணமும் அந்த வேறு பெயர்கள். இவ்வளவும் கட்டி முடித்துவிட்டு, மே மாத வெயிலில், ஏசி இல்லாத ஹாலில் அந்த லேப்டாப்பைத் திறந்து உட்காரட்டும். சூடு ஏறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாலு வருஷம் கழித்துக் கார்டு போதவில்லை என்றால் மாற்ற முடியாது. போர்டோடு சேர்த்து ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். டெஸ்க்டாப்பில் ஒரு பாகம், லேப்டாப்பில் ஒரு லேப்டாப்.

காயலான் கடை யோசனை இன்னும் விசேஷம். 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி இதெல்லாம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். அதைக்கூடச் சொல்லாமல் எடைக்குப் போடச் சொல்கிறார்.

அவர் இந்தப் பக்கம் ஒருமுறை வரட்டும். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையிலாவது பேரிங் போனதற்காக லேத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேட்கட்டும். காயில் எரிந்தால் ரீவைண்டிங், சிலிண்டர் தேய்ந்தால் ரீபோரிங். அடுத்து, டாங்கித் தொழிற்சாலை இருக்கும் ஆவடி. டி-72 டாங்கி 1970-களின் வடிவமைப்பு. அதன் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 மார்ச்சில் 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த எஞ்சினைச் செய்யும் நுட்பமும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கே வருகிறது. உடம்பு திடமாக இருக்கிறது, எஞ்சினுக்குத்தான் பலம் போதவில்லை என்று அளந்து பார்த்து எடுத்த முடிவு அது. கட்டுரையாளரைக் கேட்டிருந்தால் டாங்கியையும் தவணையில் மாற்றச் சொல்லியிருப்பார்.

நிஜமாகவே செத்த பெட்டிகளும் உண்டு. டிடிஆர்2 ரேமோடு கோர் 2 டுவோ, போர்டில் கெப்பாசிட்டர் வீங்கி நிற்கிறது என்றால் நானும் கை விரித்துவிடுவேன். ஆனால் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு விரிப்பேன்.

அக்கா பையன் இப்போது ஜிடிஏவில் கார் ஓட்டுகிறான். மாமாவுக்குக் கார்டு வந்த சங்கதியே தெரியாது. மறுநாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில், "என்னடா பண்ணீங்க, பில்லு தட்டுனதும் வருது" என்றார். மொபைலில் ஆடிக்கொள்ளட்டுமே என்று ஆசீர்வதித்தவரின் கணக்கில் இந்த மாமா எங்குமே இல்லை. ஒரே பெட்டியில் குடும்பமே பிழைக்கிற வீடுகளை அவர் கண்டதில்லை போலும்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த கட்டுரைக்கு முன் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். தவணை தேவைப்படாது.